அத்தானின் ஜெட்டும் அக்காவின் பெயரும்

அத்தான் கட்டிய முதல் ரிமோட் ஜெட்டை அக்கா தூக்கிப் பார்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவள் மாதிரி கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினாள். "இது பறக்காது. வலையை ஏத்தினா மீன் பிடிக்கப் போகலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அத்தானின் முகம் சுருங்கிப்போனது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. அத்தான் திருகோணமலைத் துறைமுகக் கரையில் பைபர் வள்ளம் கட்டுகிறவர். கல்லில் மோதினாலும் உடையக்கூடாதென்று கண்ணாடி நாரையும் ரெசினையும் படை படையாகப் பூசிப் பழகிய கை. அந்தக் கை, ரிமோட்டில் ஓடும் ஜெட்டை மட்டும் சும்மா விடுமா? "பிடிச்சுக் கிடக்கட்டும்" என்று வால் பக்கம் இன்னொரு படை பூசினார். வால் தாழ்ந்தது. அதைச் சமன் செய்ய வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை மூக்குக்குள் அடைத்தார். வாலில் கொஞ்சம் கூடினாலும் மூக்கில் அதைப் போலப் பல மடங்கு ஈயம் வேண்டும். முதல் நாள் நிலாவெளித் தரவையில் ஜெட் வெட்டவெளி முழுக்க உருண்டு பற்றைச் செடிகளுக்குள் போய் நின்றதே தவிர, எழும்பவில்லை. எழும்பாததும் நல்லதுதான். அந்தப் பாரத்தோடு எழும்பி விழுந்திருந்தால் மோட்டார் தூள். டோஹாவிலிருந்து மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மோட்டார் அது. இன்னொன்று வாங்கித் தா என்று பிள்ளையிடம் கேட்க அத்தானுக்கு வாய் வராது.

பிறகு பாரம் குறைக்கத் தொடங்கினார். உள்ளே இருந்த பலகைச் சட்டங்களில் வட்டம் வட்டமாகத் துளை போட்டார். இறக்கையைத் தேய்த்து மெல்லிதாக்கினார். தேய்த்ததையெல்லாம் குசினித் தராசில் நிறுத்து, மாவுக்குள் ரெசின் தூளைக் கலந்து, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் வாலை மட்டும் தொடவில்லை. அங்கே அக்காவின் பெயர் இருந்தது. பெயர் எழுதாமல் ஒரு வள்ளத்தையும் அவர் கடலில் இறக்கியதில்லை. அதே வழக்கத்தில் ஜெட்டின் வாலிலும் வள்ளத்துப் பெயின்டால் தடிப்பாகக் கரைகட்டி எழுதியிருந்தார். பாரம் அங்கேதான் கிடக்கிறது என்று அவருக்கும் தெரியும். "எழுதின பேரை அழிக்க ஏலாது, அது சரிவராது" என்று ஒரே பிடியாக நின்றார்.

ஒரு பின்னேரம் அக்கா பட்டறைக்கு வந்தாள். சான்ட் பேப்பரை எடுத்து வாலைத் தானே தேய்க்கத் தொடங்கினாள்.

"என்ர பேர் பாரமெண்டா எடுத்துப்போட்டுப் பறக்க விடுங்கோ. நான் என்ன, அந்தப் பெயின்டுக்குள்ளயா இருக்கிறன்?"

அத்தான் பதறி அவள் கையைப் பிடித்தார். பிறகு தானும் ஒரு துண்டு சான்ட் பேப்பர் எடுத்துக்கொண்டார். பெயரும் அதன் அடியில் இருந்த படையும் போனபோது, மூக்கிலிருந்த ஈயத்தில் பாதியை வெளியே எடுக்க முடிந்தது.

இப்போது அத்தான் கட்டுகிற ஜெட்டுகளை நான் ஒரு விரலில் தூக்கிவிடுவேன். பழைய கனத்தில் இருப்பவை வள்ளங்கள் மட்டும்தான். என்றாலும் அவர் ஜெட் விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பெயரைத் தேய்த்த பிறகு முதன்முதல் பறக்கவிட்ட அந்த நாள்தான் எனக்கு மனதில் வந்து நிறைகிறது. அன்று தரவையின் பாதித் தூரத்திலேயே அது எழும்பிவிட்டது. அத்தானின் கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையும் ரிமோட்டில், துடைக்கக் கையில்லை.

"ஐயோ, ஒண்டும் தெரியுதில்லையப்பா!"

அக்கா ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்தாள். "என்னைப் பாக்காதேங்கோ, மேல பாருங்கோ" என்று அதட்டினாள். துடைக்கத் துடைக்க வழிந்துகொண்டே இருந்தது. ஜெட் பத்திரமாகத் தரை இறங்கும்வரை அவள் துடைத்துக்கொண்டே நின்றாள்.