மதிலுக்கு வெளியே கேட்ட ஓட்டம்

வின்சன் அண்ணன் தொலைபேசியில் அழைத்தபோது நான் தில்லையடியில் ஒரு கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தேன். "நானா, ஓட்டோவில ஒரு அறிவித்தல் போகோணும்" என்றார். சாவு அறிவித்தல் என்பது குரலிலேயே தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு முதலில் கேள்வி வரும், துக்கம் பிறகுதான் வரும். "யாருக்கு அண்ணன்?" என்று கேட்டேன். "மெற்றில்டாவுக்கு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தடவை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருபவர் வின்சன் அண்ணன். அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றுதான் நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அவருடைய மனைவி மெற்றில்டா அக்காவோ காய்ச்சல் என்று படுத்து நான் கண்டதில்லை. இரவு படுத்தவர் காலையில் எழும்பவில்லையாம். அன்று ஓட்டோவில் நான்தான் அறிவித்தேன். எத்தனையோ பேரின் மரணத்தை மூச்சு விடாமல் சொல்லிப் பழகிய வாய், அவருடைய பெயரில் வந்து நின்றுவிட்டது. ஓட்டோக்காரத் தம்பி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் மறுபடி தொடங்கும்வரை காத்திருந்தான்.

இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எழுதுகிறவன் அல்ல, மைக்கில் கத்துகிறவன். ஆனாலும் மெற்றில்டா அக்காவைப் பற்றி மற்றவர்கள் "கொடை வள்ளல்", "அன்பின் சிகரம்" என்று எழுதிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒப்புக்கொண்டேன். அந்த மனுசிக்கு அப்படிப்பட்ட சொற்கள் காதில் விழுந்தால் பிடிக்காது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இத்தாலியில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவில் பல வருடம் துப்புரவு வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். அங்கே உழைத்ததையெல்லாம் கற்பிட்டி வீதியில், கடல்நீரேரிப் பக்கமாக ஒரு சின்னப் பூங்காவில் போட்டார். ஒரு பெரிய இராட்டினம், ஒரு பொம்மை ரயில், மோதி விளையாடும் கார்கள், தண்ணீர்ச் சறுக்கு. நம் பக்கத்துச் சனம் அதை "பார்க்" என்றது. இத்தாலியில் அந்தப் பூங்காவுக்குள்ளேயே வருடம் ஒரு சனி ஞாயிறு ஓட்டப்போட்டி வைத்து நோயாளிகளுக்குப் பணம் சேர்ப்பார்களாம். கணவருக்குச் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு அக்காவுக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. நம் பக்கத்தில் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர்கள் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார்கள். திரும்பி வரும்போது அவர்களுக்கு நிற்கவே முடியாது. பார்க்கிலும் அப்படி ஓர் ஓட்டம் வைத்து, சேரும் பணத்தில் அவர்களுக்கு ஒரு வான் வாங்குவது என்று அக்கா தீர்மானித்தார்.

ஒலிபெருக்கி பேச என் வீட்டுக்கு வந்தார். என்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர், முதல் நாளிலிருந்தே என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல, "நானா" என்றுதான் அழைத்தார். "அக்கா, நான் உங்களுக்குத் தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன். "தம்பி எண்டா சொன்ன நேரத்துக்கு வரமாட்டீங்க. நானா எண்டா ஒரு பொறுப்பு வரும்" என்றார். அதன்பிறகு ஒரு நாளும் பிந்திப் போகவில்லை.

முதல் வருட ஓட்டத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சனிக்கிழமை பூங்காவுக்குள் சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஞாயிறு பெரியவர்கள் வாசலிலிருந்து நீரேரி வீதியால் போய்த் திரும்ப வேண்டும். வழியில் ஓரிரு இடத்தில் தண்ணீர் வைக்கும்படி அக்கா அந்த வீதியில் இருந்த வீடுகளில் சொல்லியிருந்தார். நம் சனத்துக்குத் தண்ணீர் கொடு என்றால் தண்ணீரோடு நிற்குமா? வெசாக்குக்கு வீதியில் போகிறவர்களை மறித்துச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் பாணும் சம்பலும், ஒரு வீட்டில் கஞ்சி, இன்னொரு வீட்டு வாசலில் கதிரைகூடப் போட்டிருந்தது. ஓடி வந்த பையன்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முகமில்லை. உட்கார்ந்து குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். நான் முடிவுக் கோட்டில் மைக்கை வைத்துக்கொண்டு "இதோ வருகிறார்கள்" என்று எத்தனை தரம்தான் சொல்வது? அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓடுறவனப் பிடிச்சு இருத்துற ஊர நான் இத்தாலியில காணேல்ல நானா" என்றார்.

அந்த ஓட்டத்தில் ஒரு பெண்கூட ஓடவில்லை. அதைச் சொல்லிக் காட்டியவள் என் மனைவி றமீஸா. கணக்கு வழக்குப் பேச அக்கா வந்திருந்தபோது தேநீரை வைத்துவிட்டு, "ஆம்பிளையளுக்கு மட்டும்தானா அக்கா கால் இரிக்கி?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஓம் புள்ள. அத ஏன் எனக்கு முதல்ல ஒருத்தரும் சொல்லேல்ல?" என்றார்.

அடுத்த வருடத்துக்கு முன்பு அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தில்லையடிப் பெண்கள் ஆண்களுக்கு முன்னால் ஓடமாட்டோம் என்றார்கள். அது எங்கள் முஸ்லிம் ஆட்களுடைய பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். உடப்பு இந்துப் பெண்களும் மச்சான்மார் பார்க்க ஓடுவதா என்றுதான் கேட்டார்களாம். கற்பிட்டிப் பக்கத்து வேதக்காரப் பெண்களுக்குக் கடைசியாக வந்தால் ஊர் முழுக்கப் பகிடி பண்ணுமே என்ற பயம். எல்லோருக்கும் அக்கா ஒரே வாக்கைக் கொடுத்தார். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பூங்காவின் கேற்றைப் பூட்டுவது. ஓட்டம் முழுக்க மதிலுக்குள்ளே. உள்ளே ஓர் ஆண் இல்லை, ஒரு கமெரா இல்லை. முந்தியது யார், பிந்தியது யார் என்பது உள்ளே நின்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் போகாது. மேலே ஏறினால் எல்லாம் தெரியும் என்பதால் அந்த நேரம் இராட்டினம்கூட ஓடாது.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்தது. வானை அவர்களே வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். சொன்னதுபோலச் சனிக்கிழமை காலையிலேயே வெள்ளை வான் ஒன்று ரிபன் கட்டி இராட்டினத்தடியில் வந்து நின்றது. வின்சன் அண்ணன் அதற்குள் ஏறி, ஜன்னல் பக்கத்து ஆசனத்தில் இருந்து, சாய்ந்து பார்த்து, எங்களைப் பார்த்துக் கை காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி முகம்.

பின்னேரம் கம்பனியின் ஆள் ஒருவர் படம் பிடிப்பவரோடு வந்தார். மரியாதையான மனிதர், குறை சொல்ல முடியாது. தங்களுக்குப் பெண்களின் ஓட்டத்தில் படம் வேண்டும் என்றார். சேலை, பர்தா, எல்லாச் சமயமும் ஒன்றாக ஓடுவது கொழும்பில் நன்றாக எடுபடுமாம். அக்கா ஏலாது என்றார். அவர் இறங்கி வந்தார். ஒரே ஒரு படம், பின்னால் இருந்து, முகம் தெரியாமல். அக்கா மறுபடியும் ஏலாது என்றார். அப்படியானால் மேலிடத்துக்கு என்ன காட்டி இந்த வானைக் கொடுப்பது என்று அவர் கேட்டார்.

நான் அக்காவை ரயில் பெட்டிப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன். "அக்கா, பின்னால இருந்துதானே? அந்தப் பொம்பிளையள்ட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ஓம் எண்டுவாங்க."

"ஓம் எண்டுதான் சொல்லுவாங்க நானா" என்றார். "வின்சனுக்கு வான் எண்டு கேட்டா யாரு மாட்டன் எண்டுவா? அதுக்காகத்தான் கேக்கமாட்டன்."

"அண்ணன்ட நிலைமைய யோசிச்சீங்களா?"

"நான் யோசிக்காம நீங்களா யோசிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு தடவைதான் அவர் என்னோடு குரலை உயர்த்திப் பேசியது. பிறகு மெதுவாக, "அவங்க வீட்டில போய் இருந்து, அவங்கட தேத்தண்ணியக் குடிச்சிட்டுச் சொன்ன சொல்லு" என்றார்.

இருட்டுவதற்கு முன்பே வான் திரும்பிப் போய்விட்டது. ரிபனைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை பெண்கள் வந்தார்கள். நடந்த கதை அவர்களுக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்று அக்கா எங்கள் எல்லோருடைய வாயையும் கட்டியிருந்தார். மைக்கை எப்படிப் போடுவது, எப்படி நிற்பாட்டுவது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு நானும் வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் என் சொந்த மைக் என்னை வெளியே தள்ளியது அன்றைக்குத்தான். மதிலுக்கு வெளியே வீதியோரம் ஒரே ஆண்கள் கூட்டம். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கேற்றுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு வின்சன் அண்ணன் காவல் இருந்தார். யாராவது கிட்ட வந்தால், "அங்கால போங்க, அங்கால போங்க" என்று கையை ஆட்டினார். அவருக்கு எல்லாம் தெரியும். நான் பக்கத்தில் போய் நின்றபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸிலயே போவம் நானா. கொண்டக்டர் நல்ல பொடியன்" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதலில் கால்களின் சத்தம், பிறகு சிரிப்பு. அப்படிச் சிரிப்பு எங்கள் வீட்டுப் பெண்களிடமிருந்து வரும் என்று அங்கே நின்ற எந்த ஆணுக்கும் தெரிந்திருக்காது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முந்தியவரா பிந்தியவரா என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாப் பெயரையும் மாற்றி மாற்றி, ஒரே உற்சாகத்தோடு கூப்பிட்டார். "றமீஸா! விடாத புள்ள, ஓடு!" என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரில் எத்தனையோ பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். என் மனைவியின் பெயரை அதில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக வின்சன் அண்ணன் பஸ்ஸில்தான் போனார். புத்தளம் பஸ் நிலையத்தில் ஒரு நாள் அவரைக் கண்டேன். முகம் சாம்பல் பூத்து, தூணில் சாய்ந்து நின்றார். நேரே அக்காவிடம் போய், "இது சரியா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் டிக்கெட் கூண்டுக்குள் இருந்தார். "எனக்குக் கோவம் வராதெண்டு நினைக்கிறீங்களா?" என்றார். "அவர் பஸ் ஏறுற ஒவ்வொரு நாளும் வருது. என்மேலதான் வருது." அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வான் பிறகு வந்தது, உங்களுக்குத் தெரியும். மதிலுக்குள் ஓடிய பெண்கள் தங்கள் மச்சாள்மாரையும் அயலவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பார்க் ஓட்டத்திலேயே பெரிய நாளாகிவிட்டது. அதில் சேர்ந்த பணத்தில் வாங்கியது பழைய வான்தான், கதவை இரண்டு தரம் அடித்தால்தான் பூட்டும். அதில் இன்றைக்கும் நோயாளிகள் போகிறார்கள். அதற்காக, அன்றைக்கு அக்கா செய்தது சரி என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் முழுக்க பஸ்ஸில் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இடையில் இறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். நினைவு மலர் என்பதற்காக நான் பொய் எழுதினால் அக்காவே எழும்பி வந்து திட்டுவார்.

அடக்கத்துக்கு அந்தப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செத்த வீட்டு முற்றத்தில் சேலையும் பர்தாவுமாகக் கலந்து இருந்து, தங்களுக்குள் ஏதோ மெல்லக் கதைத்து, அழுதுகொண்டே சிரித்தார்கள். நாங்கள் ஆண்கள் வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

நானும் றமீஸாவும் ஓட்டோவில் திரும்பி வந்தோம். மதிலுக்குள் நடந்த முதல் ஓட்டத்தில் யார் முந்தியது என்று நான் எத்தனையோ தடவை அவளைக் குடைந்திருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன், கோபித்திருக்கிறேன், பெருநாளைக்குப் புதுச் சேலை தருவதாகக்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயே திறக்கமாட்டாள். அன்றைக்கு அவளாகவே முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்ப அக்காவும் இல்லத்தானே. யாரு முந்தினது எண்டு சொல்லட்டா?" என்று கேட்டாள்.

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. வேணாம், அது மதிலுக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன்.

மெற்றில்டா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.