கழுத்தில் கத்தி வைத்துக் கேட்ட யோசனை

எங்கள் சலூன்காரருக்கு மாடி ஆசை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தரைத்தளக் கடையை விட்டுவிட்டு, அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஏசி போட்டு, சுழல் நாற்காலி வாங்கி அமர்க்களப்படுத்த வேண்டுமாம். கீழ்க்கடையை வளைத்துப் போடப் பக்கத்துத் தையல்காரர் தயாராக நின்றார். கைவிட்டால் திரும்பக் கிடைக்காது. கட்டட முதலாளி கெடு வைத்துவிட்டார்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று முடிவெடுக்கிற ஆளா இவர்? வந்த வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் கருத்துக் கேட்டார். எப்போது? நுரை தடவி, தலையைச் சாய்த்து, தொண்டையில் கத்தியை வைத்த பிறகு.

"மாடிக்குப் போகலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

எவன் வேண்டாம் என்பான்? "தாராளமா போங்க" என்றார்கள். சிலர் வாயைத் திறக்கவே பயந்து "ம்" என்றார்கள். மகராசன், அதையும் ஆதரவில் சேர்த்துக்கொண்டார்.

கெடு முடிகிற அன்று காலை, ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

"கத்திய கீழ வச்சிட்டு யாரையாவது கேட்டீங்களா?" என்றாள் அவள்.

சுருக்கென்றது. கடைக்குப் போனதும் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, கைகட்டி நின்று, ஓய்வுபெற்ற தபால்காரரைக் கேட்டார்.

"ரெண்டு மாடி ஏறித்தான் சவரம் பண்ணணும்னா நான் தாடியே வளத்துக்குவேன்யா!"

அடுத்து வந்தவர் இன்னும் மோசம். "பஸ் வர்ற வரைக்கும் உக்காரத்தான் உள்ளயே வர்றேன்" என்றார்.

மதியம் தொங்கிய முகத்தோடு சாப்பிட வந்தார்.

"மாடி கிடக்கட்டும். இத்தனை வருஷமா நல்லா வெட்டுறீங்கன்னு சொன்னதும் இதே ஆளுங்கதானே?" என்று புலம்பினார்.

மனைவிக்குப் பாவமாகிவிட்டது. "பிடிக்காமலா திரும்பத் திரும்ப வர்றாங்க?"

"நீ வேற. கடை பஸ் ஸ்டாப்ல இருக்கு. பக்கத்துல வேற சலூனும் இல்ல. வராம எங்க போவாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. எச்சில் கையோடு கட்டட முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், மாடி வேணாம். கீழ்க்கடைய யாருக்கும் குடுத்துடலயே? கால்ல வேணா விழறேன், குடுத்துடாதீங்க சார்!"