மேட்டோரத்துக் கதிர்

நேற்று என் மில்லுக்கு வந்த நெல்மூட்டை ஒன்றில் அடுப்புப்புகை வாசம் அடித்தது. இரண்டாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒற்றை உரலில் தொடங்கி இரண்டு மில் வைத்தவள். எதற்கும் அசையாத என்னை அந்த வாசம் உட்கார வைத்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில், கொல்லிமலையில் எங்கள் வயலுக்குப் பாதித் தண்ணீர்தான் ஏறும். காய்ந்து வெடித்த மேட்டோரத்தில் எந்தக் கதிர் அப்படியும் மணி பிடித்து நிற்கிறதோ அதை மட்டும் அம்மா கிள்ளி வந்து, அடுப்புக்கு மேலே புகையில் கட்டி, மறுவருசம் அதே மேட்டில் விதைத்து, அதிலும் தேறியதைக் கிள்ளி, ஐந்து வருசத்தில் ஒரு சின்ன மூட்டை விதை சேர்த்திருந்தாள்.

அக்காளைப் பெண் பார்க்க, அதே மலையில் இன்னொரு பகுதியான பைல் நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

“வந்தவங்களுக்குச் சாமைச் சோறா போடுவே? மானம் போயிரும்” என்று அப்பா மூட்டையை இறக்கினார்.

“அது விதைங்க. அஞ்சு வருசங்க.”

“அடுத்த வருசம் பொறுக்கிக்க, போ.”

அம்மாவே குத்தினாள், அம்மாவே பொங்கினாள். “நெல்லுச்சோறு போடற ஊடுங்க” என்று மெச்சிச் சாப்பிட்டவர்கள், பெண் ஒல்லி, காட்டு வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிறகு அவள் மேட்டோரம் கதிர் பார்க்கப் போகவும் இல்லை.

அன்றைக்கு நான் இரண்டாம் தரம் சோறு கேட்டேன். அவள்தான் சட்டியை வழித்துப் போட்டாள்.