சோப்புத் தண்ணீரில் அப்பா

என் அப்பாவுக்கு நாள் நட்சத்திரம் பார்க்கும் பழக்கம் நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம்தான் வந்தது. அதற்கு முன்பு எங்கள் வீட்டுக் கேலண்டரில் தேதி கிழிப்பது என் வேலை. அப்பா அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்த வருடமோ காலையில் பல் துலக்கிய கையோடு கேலண்டர் முன்னால் போய் நின்றுவிடுவார். "அஷ்டமி" என்பார். மறுநாள் நவமி. அதையும் தாண்டினால் கரிநாள். எதுவும் அகப்படாத நாளில் அவருடைய ராசிக்குச் சந்திராஷ்டமம் எப்படியாவது வந்து கைகொடுத்துவிடும். மார்கழியில் எதையும் தொடங்கக் கூடாது என்று ஒரு மாதத்தை மொத்தமாகவே தள்ளுபடி செய்துவிட்டார்.

எல்லாம் வேலைக்குத் திரும்பிப் போகிற விஷயத்தில்தான். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு பெரிய குடோனில் அப்பா லோடு இறக்குகிறவர். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் வாங்குகிற மிக்சியும் குக்கரும் அங்கே லாரியில் வந்து இறங்கி, சின்ன வண்டிகளில் ஏறி ஊருக்குள் போகும். ஐப்பசி மழையில் ஒருநாள் லாரித் தார்ப்பாயிலிருந்து வடிந்த தண்ணீர் இறக்குகிற இடத்தில் தேங்கியிருந்தது. தோளில் பெட்டியோடு வந்த அப்பா அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி, மணிக்கட்டில் முறிவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், வழுக்காத புது ஷூ ஒரு ஜோடி எங்கள் வீட்டுப் பீரோ மேல் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. கம்பெனி வருடாவருடம் கொடுப்பது. கறுப்பாகப் பளபளவென்று இருக்கும் என்பதால் எங்கள் தெருவில் யாரும் அதை நேராக வேலைக்குப் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள். ஒரு வருடம் கல்யாணம் காட்சிக்கு, அப்புறம்தான் குடோனுக்கு. அப்பாவும் அந்த ஷூவோடு மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், முனையில் இரும்பு வைத்த காலால் மாப்பிள்ளையின் காலை மிதித்துவிட்டு வந்தார். விழுந்த அன்று அவர் போட்டிருந்தது அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி வழவழத்துப்போன பழைய ஜோடி.

கட்டுப் பிரித்தாயிற்று. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பொங்கலும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, அப்பாவோடு அதே குடோனில் வேலை. நாளைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சேதி கொண்டுவந்திருந்தார்.

"அந்த எடத்துல இப்ப ரப்பர் மேட்டு போட்டுகீறாங்க மாமா" என்றார். "தார்ப்பாய வெளியவே ஒதறிட்டுத்தான் லாரிய உள்ள வுடுறாங்க. மேலேர்ந்து யாரும் குதிக்கவும் கூடாது. லாரியப் பாத்தாப்ல திரும்பி, புடிச்சிகினேதான் எறங்கணும். இன்னாத்துக்கு பயம்?"

"பயமா? எனுக்கா?" என்றார் அப்பா. "நாளிக்கி நாள் சரியில்ல."

இப்போது நினைத்தால், அந்தப் பதிலுக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் பயம் இருக்கும் என்று அன்று எனக்கு யார் சொன்னார்கள்?

அம்மா சண்டை போடவில்லை. பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினாள். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை ஒரு வாளி கொண்டுவந்து வாசல் சிமென்ட் தரையில் கொட்டினாள். பிறகு நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவின் ஷூவுக்குள் காலை நுழைத்து, நுரையில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாமே பண்ற? வுழுந்து தொலையப் போற!" அப்பா பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஷூ எப்டி கீதுன்னு பாக்கறேன்." காலை ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தாள். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். "நல்லாத்தான் புடிக்குது. இப்ப நீ நட."

மாமா பார்த்துக்கொண்டிருந்ததால் அப்பாவால் மறுக்க முடியவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒரு நடை போய் வந்தார். பிறகு சுவரை விட்டுவிட்டு ஒரு நடை. அம்மா உள்ளே போய் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. "மூட்டைலாம் வாணாம்" என்று சொல்லி ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

எனக்கோ இந்த விளையாட்டில் இன்னும் என் முறையே வரவில்லை. "என்னத் தூக்குப்பா!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அரிசிப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "தூக்கிக்கோ" என்றாள். மாமா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அப்பா ஷூ கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினார். அப்புறம் குந்தி உட்கார்ந்து என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

எழுந்தவர் குழந்தை நடப்பதுபோல நடந்தார். காலை அகட்டி, பாதம் முழுக்கப் பதித்து, சின்னச் சின்ன அடியாக. என் கணுக்காலைப் பிடித்திருந்த பிடியில் வலி உயிர் போயிற்று. "வேகமா போப்பா" என்று அவர் தலைமுடியைப் பிடித்து உலுக்கினேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

எதிர்க் கோடியில் ஈரம் படாத இடத்தில் அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். என்னை வாங்கிக்கொள்ளத்தான் என்று நானும் கையை நீட்டினேன். கிட்டே போனதும் அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவர் மார்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்பாவும் நகராமல் அப்படியே நின்றார். நீட்டிய கையோடு நான் மேலே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அப்பா கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது அம்மா பஸ் திரும்பும்வரை கையாட்டினாள். ஜன்னல் வழியாக அப்பாவும் ஆட்டினார். நான் ஆட்டவில்லை. விளையாட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ளாத அந்த இரண்டு பேரோடும் நான் டூ விட்டிருந்தேன்.