பின்னால் வரும் தட்டல்

எங்கள் குழுவின் ஒலிப்பதிவாளருக்குப் பாம்புச்செவி என்று பெயர் வைத்தவன் நான்தான். நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். அவரோ விளம்பரம் பேசுகிறவர்களின் மூச்சையும் எச்சில் சத்தத்தையும் பதிவிலிருந்து அழித்துப் பிழைக்கிற மனிதர். பக்கத்தில் யாராவது சப்புக் கொட்டிச் சாப்பிட்டால் தட்டோடு எழுந்து போய்விடுவார். அவரோடு குடும்பம் நடத்தும் அண்ணியைக் கையெடுத்துத்தான் கும்பிட வேண்டும்.

எங்கள் டிரம்மர் அவருடைய தம்பி. அப்பா போன பிறகு இவர்தான் வளர்த்தார். அவன்மேல் ஒரு தூசு விழப் பொறுக்கமாட்டார்.

எங்கள் முதல் ஆல்பம் கத்தாது, குதிக்காது. ஒரு தடவை கேட்டவர்கள், "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி எழுதினாள்: "டிரம் அடிக்குப் பின்னாலேயே மெல்லிசா இன்னொரு தட்டல் கேக்குது. பாட்டுக்குப் பாட்டு அது தள்ளித் தள்ளிப் போகுது. என்னமா யோசிச்சிருக்கீங்க!"

நாங்கள் யாரும் எதையும் யோசிக்கவில்லை. அதைப் படித்துக் காட்டியபோது பாம்புச்செவியின் முகத்தில் ஈயாடவில்லை.

கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார். தம்பியின் இடது கை தாமதமாக விழுந்திருக்கிறது. அவன் மனம் கோணுமே என்று, ஒருவருக்கும் சொல்லாமல் இவர் கணினியில் ஒவ்வொரு அடியாக நகர்த்திச் சரி செய்திருக்கிறார். ஆனால் எல்லோரும் ஒரே அறையில் வாசித்தோம். பாடகியின் மைக்கிலும் அந்த அடி லேசாக விழுந்திருந்தது. அதை நகர்த்தினால் குரலும் கூடவே நகரும் என்று விட்டுவிட்டார். வாரம் ஒரு பாடலாக, ஆல்பத்தில் உள்ள வரிசையில்தான் பதிவு செய்தோம். அப்படியென்றால் அந்தக் கை வாரத்துக்கு வாரம் பின்தங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

விரல் மரத்துப்போகிறது என்று தம்பி டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட்கூட வாங்கியிருந்தான். ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "கைக்கு ஒண்ணும் இல்லண்ணா, எப்படி விழுது பாரு!" என்று போகாமல் இருந்துவிட்டான். பாசமாம் பாசம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

அன்றே தம்பியை வரச் சொன்னோம். காபிக் கோப்பையை வலது கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணன் கடைசிப் பாட்டின் திருத்தாத டிரம் பதிவை ஓடவிட்டார்.

தம்பி சிரித்தான். "யாருண்ணா இது? குடிச்சிட்டு வாசிக்கிறானா?"

"நீதான்டா."

தம்பி கோப்பையைக் கீழே வைத்தான். இரண்டு தொடையிலும் தாளம் போட்டுப் பார்த்தான். வலது கை விழுந்தது. இடது கைக்காக மூன்று பேரும் காத்திருந்தோம்.