சேவியர் அங்கிளின் காது

ஒருவருடைய நல்ல காதைக் கெட்டுப்போனது என்று சொல்லி நம்பவைத்தவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பாக்கார் ஆராங்கில் கார்களுக்கு ஒலிபெருக்கி பொருத்தும் கடை என்னுடையது. சேவியர் அங்கிள் செமிலிங்கிலிருந்து வருபவர். தேவாலயப் பாடகர் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்தியவர். கடைசி வரிசையில் ஒருவர் சுருதி இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுவாராம். அவர் கேட்டது கண்ணாடி அதிரும் சத்தமல்ல. "பேஸ் இருக்கணும் தம்பி, ஆனா தனியாத் தெரியக்கூடாதுலா," என்றார். அந்த அடித்தொனிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஒன்றைக் காரின் பின்பெட்டியில் பொருத்திக் கொடுத்தேன்.

மூன்றாம் நாளே திரும்பி வந்தார். "பாட்டு முன்னால போகுது, பேஸ் பின்னால நிக்குது. ஒண்ணு சேரல தம்பி."

பின்பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. சப்வூஃபரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன். அப்படி மாட்டினால் முன்பக்க ஒலிபெருக்கி காற்றைத் தள்ளும்போது பின்பெட்டியில் இருப்பது இழுக்கும். ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்றுவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம் இது.

மாற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் என் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு புக்கிட் செலம்பாவிலிருந்து வந்த நான்கு பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி...

பின்பெட்டியைச் சாத்தினேன். "வயரிங் எல்லாம் ஓகே அங்கிள். உங்களுக்கும் வயசாவுதுலா. காத ஒரு தடவ செக் பண்ணிக்குங்க."

நான்கு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா!

இரண்டு மாதம் கழித்து ரிவர்ஸ் கேமரா பொருத்த வந்தார். "சர்ச்சுல கோயர் நடத்துறத விட்டுட்டேன் தம்பி. டாக்டரு ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாரு. ஆனா நீ இதே வேலையில இருக்கிறவன், உனக்குத் தெரியாததா?"

கேமரா வயரை இழுக்கும் சாக்கில், அவர் அறியாமல் சப்வூஃபரின் அந்த இரண்டு வயர்களையும் சரியாக மாற்றி மாட்டினேன். பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இப்ப சேந்துருச்சு," என்றவர், உடனே தயங்கினார். "சேந்துருச்சா தம்பி? நீயே சொல்லு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் தனியாகத்தான் வந்திருந்தார். சுற்றி யாரும் இல்லை. பிறகு என்ன பயம் எனக்கு? "சேந்துருச்சு அங்கிள்," என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

போன வாரமும் வந்தார். குழுவின் புதிய பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டினார். "நடுவுல யாரோ எறங்குற மாதிரி இருக்கு. அவங்களா, என் காதா?"

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவ்வளவு நுட்பமான காது எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று மட்டும் தெரியும்.

"நல்லாத்தான் பாடுறாங்க அங்கிள்," என்றேன். தலையாட்டிவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.