வைகாசியில் காணாமல் போன ஏரி

கோபக்காரி கையில் மதிப்பெண் போடும் வேலையைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்திருந்தார்கள். பெரிய கம்பெனிகள் மண்ணையும் தண்ணீரையும் பறவைகளையும் எப்படி நடத்துகின்றன என்று அறிக்கை எழுதுவதுதான் தி.நகரில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தின் பிழைப்பு. கடன் கொடுப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அந்த முறை எனக்கு வந்தது ஒரு பெரிய விவசாயக் கம்பெனி. அவர்கள் அனுப்பிய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பட்டாம்பூச்சி. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. தோண்டினேன். வரப்போர மரங்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள். பண்ணையை ஒட்டிய ஏரியையும் காணோம். பழைய செயற்கைக்கோள் படத்தில் நீலமாக இருந்த இடம், புதுப் படத்தில் வெறும் பழுப்பு. 'ஏரியைத் தூர்த்துவிட்டார்கள்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வெள்ளி சாயங்காலம் மேலாளருக்கு அனுப்பினேன். அவர் படித்துவிட்டு வெளியே அனுப்புவதுதான் பாக்கி. அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனேன். வழக்கமாக வாங்கும் அம்மாவின் பலகையில் நாலே நாலு சங்கரா.

"என்னம்மா, கடையை மூடப் போறீங்களா?"

"இன்னாம்மா நீ, தடைக்காலம்னு தெரியாதா? போட்டெல்லாம் கரையில கீது. வருசா வருசம் இதையே கேக்குற. எந்த மாசத்துல வந்து நிக்கிறன்னு பாக்க மாட்டியா?"

எந்த மாசம். பழைய படம் தை மாதத்தது. புதுப் படம் போன வைகாசியில் எடுத்தது. வைகாசியில் நம்மூர் ஏரிகளில் கிரிக்கெட் அல்லவா ஆடுவார்கள்! கோடைக்குக் கோடை தண்ணீர் லாரிக்குக் காத்து நின்று வளர்ந்த எனக்கா இது தெரியாது?

கம்பெனிக்கு அந்த ஒரு தப்பு போதும். அதைக் காட்டியே, வெட்டிய மரங்களைப் பற்றிய உண்மையையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். என் கையெழுத்தை அப்புறம் எவன் நம்புவான்?

அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிட்டேன். "சார், அனுப்பிட்டீங்களா?"

"எதை? ஓ, அதுவா. இன்னும் திறந்தே பாக்கலம்மா. திங்கக்கிழமை பாக்கலாம்னு..."

அவருடைய சோம்பேறித்தனத்தை ஆறு வருடமாகத் திட்டியிருக்கிறேன். அன்று காலில் விழலாம் போல இருந்தது. மீனை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

இந்த வருடத் தை மாதப் படத்தைத் தேடி எடுத்தேன். ஏரி அங்கேயேதான் இருந்தது, கரை வரைக்கும் தண்ணீரோடு. ஏரி பற்றிய வரியை அழித்தேன். மரங்களைப் பற்றி எழுதியதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. திருத்தியதை மேலாளருக்கு மறுபடி அனுப்பினேன். நாற்காலியில் சாய்ந்தபோது நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நீலத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். அவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆத்திரத்தில், அந்த ஏரி செத்துப்போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.